கொம்பியா சுட்ட நிலம்

லூமுட்டுக்கு விடுமுறைக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு லூமுட் ஒரு படகுத்துறைதான். காரை நிறுத்தி, பங்கோர் தீவுக்குப் படகேறி, இரண்டு நாள் கடலில் கிடந்துவிட்டுத் திரும்பி வருவார்கள். நெத்திலியும் கருவாடும் வாங்குவார்கள். அதன் பிறகு வண்டி சித்தியவான் பக்கம் திரும்பும். அங்கே கம்போங் கோவில், "கொம்பியா சூடா இருக்கா?" என்று கேட்காமல் ஊர் திரும்பும் குடும்பம் குறைவு. உள்ளங்கை அகலத்தில் வட்டமாக, மேலே எள் தூவி, உள்ளே வெங்காயம் வைத்துச் சுட்ட ஒரு பலகாரம். காகிதப் பையில் பத்து, இருபது என்று வாங்கி வண்டிக்குள்ளேயே பாதியைத் தின்று தீர்ப்பார்கள். மீதி ஈப்போ வந்து சேர்வதற்குள் இறுகிவிடும். மறுபடி சூடு காட்டினால்தான் பல்லுக்கு இணங்கும்.

இதைக் கேக் என்பதா, ரொட்டி என்பதா, பிஸ்கட் என்பதா? சீனத்தில் 'பிங்' என்ற ஒரே சொல் இவை எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறது. நம்முடைய 'பலகாரம்' முறுக்கையும் அதிரசத்தையும் ஒரே கூடையில் போடுவதைப் போல. மாவு தட்டையாக வட்டமாக இருந்தால் பெரும்பாலும் அது பிங்தான். ஈப்போ குனோங் ராப்பாட்டில் சுற்றுலாப் பயணிகள் பெட்டி பெட்டியாக வாங்கும் ஹியோங் பெங், பீடோரின் கோழி பிஸ்கட் எனப்படும் காய் சாய் பெங் ஆகியவற்றின் வாலில் இருப்பதும் அதே சொல்தான். பேராக் மாநிலத்தில் ஊருக்கு ஒரு பிங் இருக்கிறது. மஞ்சோங் மாவட்டத்துக்குக் கிடைத்தது கொம்பியா.

செய்யும் விதம் நமக்கு அந்நியமில்லை. மாவைப் பிசைந்து, உருட்டி, தட்டி, சூடேறிய மண் அடுப்பின் உட்சுவரில் ஈரக்கையோடு அறைந்து ஒட்டவைப்பார்கள். தந்தூரி ரொட்டி சுடுகிற அதே வேலை. வெந்ததும் உரசி எடுப்பார்கள். பழைய கைப்பக்குவத்தில் உள்ளே பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம் என்பதால் கேட்டு வாங்குவது நல்லது.

பெயருக்கு ஒரு கதை உண்டு. மிங் வம்சத்தின் தளபதி சீ ஜிகுவாங் (1528–1588) பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையைச் சூறையாடிய கடற்கொள்ளையரை ஒடுக்கியவர். 1562இல் ஃபூஜியான் மாகாணத்துக்கு வந்து போரிட்டார். உலை வைத்துச் சோறு பொங்கினால் புகை காட்டிக்கொடுக்கும், நேரமும் போகும். ஆகவே நடுவில் ஓட்டை உள்ள சின்ன ரொட்டிகளைச் சுட்டு, கயிற்றில் கோத்து, வீரர்கள் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார்கள் என்பது ஃபூச்சோ மக்களின் வழிவழிக் கதை. தளபதியின் பெயரிலுள்ள 'குவாங்' ரொட்டிக்கு வந்து அது 'குவாங் பிங்' ஆயிற்று. ஃபூச்சோ வாயில் கொங் பியாங், மலேசியாவில் கொம்பியா. சித்தியவான் கொம்பியாவில் இப்போது பெரும்பாலும் ஓட்டை கிடையாது. கோத்துக்கொண்டு போக வேண்டிய போர் இங்கே இல்லையே.

கதை எத்தனை சதம் உண்மை என்பதைச் சீன வரலாற்றுக்காரர்களிடம் விட்டுவிடலாம். ஃபூச்சோ ரொட்டி இந்தக் கடலோரத்தில் வேர் பிடித்தது எப்படி என்பதுதான் என் கேள்வி. அதைக் கேட்கும்போதே இன்னொரு கேள்வியும் சேர்ந்து வருகிறது. அதே காலத்தில், அதே ரப்பரை நம்பி, இதே வட்டாரத்துக்கு வந்த தமிழர்களின் பெயரைச் சொல்ல ஏன் இங்கே ஒரு பலகாரம் இல்லை?

லூமுட்டின் அரசியல் வரலாறு கொஞ்சம் கோணல். 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் அருகே நின்ற 'புளூட்டோ' என்ற கப்பலில் ஆண்ட்ரூ கிளார்க்கும் ராஜா அப்துல்லாவும் மற்றத் தலைவர்களும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் பேராக்குக்குப் பிரிட்டிஷ் ரெசிடென்ட் வந்தார். அந்த ஒப்பந்தத்திலேயே பங்கோரும் எதிர்க்கரையும் சேர்ந்த டிண்டிங்ஸ் பகுதி பிரிட்டிஷாரின் கைக்குப் போயிற்று. அதன் தலைமையிடம் லூமுட். பேராக் ஒரு மலாய் அரசு, லூமுட்டோ நீரிணைக் குடியேற்றத்தின் ஒரு துண்டு. 1935இல்தான் அந்தத் துண்டு மறுபடி பேராக்கோடு சேர்ந்தது. இன்று லூமுட் என்றால் கடற்படைத் தளம் நினைவுக்கு வரும். அன்று அது பெரிதாக வளர்வதற்காகக் காத்துக்கொண்டிருந்து வளராமலே போன ஒரு துறைமுகம்.

இந்த லூமுட்டுக்குப் பக்கத்தில்தான் 1903இல் ஒரு பரிசோதனை நடந்தது. தீபகற்பத்துக்கு வேண்டிய அரிசி பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. ஈயச் சுரங்கத்துக்கு ஆள் வர வர, வாயும் பெருகியது. இங்கேயே நெல் விளைவிக்கக் குடும்பத்தோடு வரும் விவசாயிகள் வேண்டும் என்று அரசாங்கம் நினைத்தது. மெத்தடிஸ்ட் மிஷன் முன்வந்தது. ஜெர்மானியரும் பன்மொழி வல்லவருமான பாதிரியார் லூரிங், ஃபூச்சோ பாதிரியார் லிங் சிங் மீ ஆகியோர் முயற்சியில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஃபூச்சோ மக்கள் 1903 செப்டம்பரில் சித்தியவானில் வந்து இறங்கினார்கள். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் சரவாக்கின் சிபுவில் வோங் நாய் சியோங், ராஜா சார்ல்ஸ் புரூக்கோடு ஒப்பந்தம் செய்து இதே போன்ற குடியேற்றத்தைத் தொடங்கியிருந்தார். இன்று கொம்பியா பேர்போன இரண்டு ஊர்கள் சித்தியவானும் சிபுவும். காரணம் இதுதான்.

வந்தவர்களுக்குக் காடு காத்திருந்தது. காய்ச்சல் இருந்தது. நெல் எதிர்பார்த்தபடி விளையவில்லை. ஆனால் கையில் ஆளுக்குச் சில ஏக்கர் நிலம் இருந்தது. நெல் கைவிட்டபோது அதே நிலத்தில் ரப்பர் நட்டார்கள். பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக வந்த ரப்பர் கன்றுகள் 1877இலேயே பேராக்கின் கோலாகங்சாரில் ஊன்றப்பட்டிருந்தன. முப்பது ஆண்டுக்குப் பிறகு, மோட்டார் வண்டி பெருகியதும் ரப்பருக்கு வெறி பிடித்தது போல் விலை ஏறியது. 1910இல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. நெல்லுக்காகக் கொண்டுவரப்பட்டவர்கள் ரப்பரால் நிலைத்தார்கள். தேவாலயம், பள்ளிக்கூடம், கடைத்தெரு. கடைத்தெருவில் ஒரு மண் அடுப்பு. அதில் கொம்பியா.

இப்போது அந்தக் கடைத்தெருவிலிருந்து சில மைல் தள்ளிப் போவோம். ரப்பருக்கு வெறி பிடித்த அதே ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டுக் கிராமங்களில் கங்காணிகள் ஆள் திரட்டிக்கொண்டிருந்தார்கள். 1907இல் அரசாங்கமும் தோட்ட முதலாளிகளும் சேர்ந்து தமிழர் குடிவரவுக்கென நிதி ஏற்படுத்தினார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நிறுத்தப்பட, கங்காணி முறையே பிரதானமாயிற்று. ஆயர் தாவார், சொகமானா, புண்டுட் என்று மஞ்சோங் வட்டாரத்திலும் தமிழர்கள் வந்து சேர்ந்தார்கள். அதே மரம். அதே பால். விடியற்காலை இருட்டில் ஒரே மாதிரிதான் கத்தி பிடித்தார்கள், சீனச் சிறுதோட்டக்காரரும் தமிழ்ப் பால்வெட்டுக்காரரும்.

ஒரு வித்தியாசம் இருந்தது. தமிழர் வெட்டிய மரம் கம்பெனியுடையது. மரம் நின்ற மண்ணும், படுத்துறங்கிய லயமும் கம்பெனியுடையவை. பெரட்டுக்குப் போனால் பேர். போகாவிட்டால் பேர் இல்லை, வேலை இல்லை, வீடும் இல்லை. லயத்து வீட்டில் ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் குசினி. அதில் விறகடுப்பு உண்டுதான். ஆனால் ஊருக்கு விற்கும் அளவுக்கு ஒரு சூளை அடுப்பு போட யாரைக் கேட்பது? துரையையா, கிராணியையா? தோட்டக் கடை இன்னொருவருடையது. சம்பளம் வந்த அன்றே அங்கே கடன் புத்தகத்தில் கழிந்துவிடும். 1920களின் கடைசியில் முக்கிய வட்டாரங்களில் நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அதில் மாவு வாங்கிப் பலகாரக் கடை வைக்கக் கனவுதான் காணலாம்.

ஒரு பலகாரம் ஒரு ஊரின் பெயரைச் சுமக்க வேண்டுமானால் கைப்பக்குவம் மட்டும் போதாது. ஒரே இடத்தில் ஒரே அடுப்பு இரண்டு மூன்று தலைமுறைக்கு எரிய வேண்டும். "அவங்க தாத்தா காலத்துக் கடை" என்று சொல்ல தாத்தாவும் அங்கே இருந்திருக்க வேண்டும், பேரனும் அங்கே இருக்க வேண்டும். அதற்கு யாரும் எழுப்பிவிட முடியாத ஒரு துண்டு நிலம் வேண்டும்.

இந்த வித்தியாசம் நல்ல காலத்தில் அவ்வளவாகத் தெரிவதில்லை. கெட்ட காலத்தில் தெரியும். 1929க்குப் பிறகு உலகப் பொருளாதாரம் சரிந்தது. ரப்பர் விலை அடிமட்டத்துக்குப் போனது. சிறுதோட்டக்காரர்களும் அடிபட்டார்கள். ஏற்கெனவே 1922 முதல் 1928 வரை ஸ்டீவன்சன் கட்டுப்பாட்டுத் திட்டம் அவர்கள் விற்பனைக்கு அளவு போட்டிருந்தது. ஆனாலும் நிலம் இருந்தது. மரத்துக்கு இடையில் கிழங்கும் கீரையும் போட்டுப் பொழுதைத் தள்ளலாம். தோட்டத் தமிழர்களுக்கு வேறு வழி காட்டப்பட்டது. வேலை இல்லை, ஊருக்குப் போ. 1930 முதல் 1932 வரை மலாயாவிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கப்பலேற்றி அனுப்பப்பட்டார்கள். விலை ஏறியபோது மறுபடி ஆள் கூப்பிட்டார்கள். 1938இல் இந்திய அரசாங்கம் கூலியாட்கள் உதவிபெற்று வெளியேறுவதைத் தடை செய்யும் வரை இந்த வரத்துப்போக்கு நடந்தது. வந்தும் போயும் கொண்டிருந்தவர்களால் ஒரு ஊருக்குப் பலகாரம் கொடுக்க முடியுமா?

இதைச் சீனர்களுக்கு அள்ளிக் கொடுத்தார்கள், தமிழர்களுக்குக் கொடுக்கவில்லை என்று சுருக்கிச் சொன்னால் தப்பாகிவிடும். ஃபூச்சோ மக்களின் முதல் ஆண்டுகள் சாவும் பசியுமாகத்தான் கழிந்தன. நிலம் இருந்தவர்கள் எல்லோரும் அமைதியாக வாழ்ந்துவிடவும் இல்லை. மலாயா கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர் சின் பெங் 1924இல் பிறந்தது இதே சித்தியவானில், ஒரு சைக்கிள் கடைக்காரரின் மகனாக. அவசரகாலம் இந்த ஊரையும் பிய்த்துப் போட்டது. அதே போல, ஈயச் சுரங்கங்களில் சங்கிலிப் பிடிப்பில் கிடந்த சீனக் கூலிகளுக்கும் நிலம் கிடைக்கவில்லை. ஆக இங்கே பிரிவு இனத்தில் இல்லை. எந்த ஏற்பாட்டின் கீழ் அழைத்து வரப்பட்டார்கள் என்பதில் இருக்கிறது. ஒரு கூட்டத்தைக் குடியிருக்க அழைத்தார்கள். இன்னொரு கூட்டத்தை வேலைக்கு அழைத்தார்கள்.

இதற்குச் சாட்சி தமிழர்களிடமே உண்டு. 1880களில் வடபேராக்கின் பாகான் செராயில் பிரெஞ்சுப் பாதிரியார் ரெனே ஃபே நிலம் பெற்று, தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களைப் பயிர்த்தொழிலுக்குக் குடியமர்த்தினார். சித்தியவானுக்கு இருபது ஆண்டு மூத்த முயற்சி. அங்கே தேவாலயத்தைச் சுற்றித் தமிழர் ஊராகவே வாழ்ந்தார்கள். குடியிருக்க அழைத்தால் தமிழனும் குடியிருப்பான் என்பதற்கு வேறு ஆதாரம் வேண்டாம். ஆனால் அது விதிவிலக்கு. விதி, லயம்தான்.

"நம்ம சாப்பாடு ஒண்ணுமே பேர் வாங்கலியா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ரொட்டி சானாயும் நாசி கண்டாரும் இந்த நாட்டின் அடையாளமாகவே ஆகிவிட்டன. ஆனால் அவற்றைக் கொண்டுவந்தவர்கள் யார்? பட்டணத்தில் கடை வைத்த தமிழ் முஸ்லிம்கள். கப்பல் இறங்கிய துறைமுகத்திலேயே கால் ஊன்றியவர்கள். தோட்டத்து லயத்திலிருந்து அவை வரவில்லை.

ஈப்போவிலேயே இன்னும் நல்ல உதாரணம் உண்டு. புந்தோங்கில் 'கம்போங் கச்சாங் பூத்தே' என்று ஒரு குடியிருப்பு. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் 1940களில் அங்கே குடியேறி, கடலை வறுத்து, முறுக்கு சுட்டு, மிக்சர் பொரித்து விற்க ஆரம்பித்தார்கள். தட்டைத் தலையில் சுமந்து, பிறகு சைக்கிளில் கட்டி, சினிமாக் கொட்டகை வாசலில் காகிதக் கூம்பில் போட்டுக் கொடுத்தார்கள். இன்று ஈப்போவுக்கு வரும் மலாய்க்காரரும் சீனரும் வண்டியை நிறுத்தி மூட்டையாக வாங்கிப் போகிறார்கள். ஊர்ப்பெயரே பலகாரப்பெயர் ஆகிவிட்டது. கொம்பியாவுக்குக் கம்போங் கோ எப்படியோ, கச்சாங் பூத்தேக்குப் புந்தோங் அப்படி.

இந்தக் குடும்பங்களும் ஏழைகளாகத்தான் வந்தன. தோட்டத்துத் தமிழரைவிட இவர்களுக்குக் கைப்பக்குவம் கூடுதல் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு முதல் வாரம் எந்த லயத்தில் முறுக்கு வாசனை அடிக்கவில்லை? இவர்கள் பெரட்டுக்களத்துக்கு வெளியே, சொந்த வாசலில் அடுப்பு மூட்டினார்கள். அதே அடுப்பு அணையாமல் மகனுக்கும் பேரனுக்கும் போனது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று யோசிக்கும்போதுதான் மனசு கனக்கிறது.

இந்தக் கணக்கை அன்றே புரிந்துகொண்ட ஒருவர் பேராக்கிலேயே இருந்தார். சுங்கை சிப்புட்காரர் வீ. தி. சம்பந்தன். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம்மவர்கள் சொல்லும் அந்தக் காலத்தில் தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் சட்டிபானையோடு வெளியே நின்றன. 1960இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கொடுத்துப் பங்கு சேர வேண்டும். அந்தப் பணத்தில் தோட்டத்தையே வாங்க வேண்டும். அமைச்சராக இருந்தும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். 1961இல் கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. அதன் பிறகு மேலும் பல.

பத்து வெள்ளியைச் சிலர் சிரமப்பட்டுத்தான் கொடுத்தார்கள். சிலர் நம்பவில்லை. "நம்ம காசுல துரை தோட்டத்த வாங்குறதாவது!" என்ற பேச்சும் இருந்திருக்கும். அந்தச் சங்கத்தின் பிற்கால வரலாற்றில் விவாதங்களும் உண்டு. ஆனால் அதன் அடிப்படை எண்ணத்தை இன்று திரும்பிப் பார்க்கையில், அது கூலி உயர்வுக் கோரிக்கையைவிட ஆழமான இடத்தைத் தொட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. கூலி உயர்வு நாளைய சோற்றுக்கு. நிலம் பேரனுடைய அடுப்புக்கு. 1903இல் ஒரு மிஷன் ஃபூச்சோ மக்களுக்கு முதல் நாளே பேசி வாங்கித் தந்ததை, தமிழர்கள் அறுபது ஆண்டு உழைத்த பிறகு தங்கள் சம்பளத்தைச் சேர்த்து விலைக்கு வாங்க வேண்டியிருந்தது.

எல்லோரையும் அது எட்டவில்லை. எழுபதுகளுக்குப் பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் லயங்கள் காலியாயின. பிள்ளைகள் ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று தொழிற்சாலைகளைத் தேடிப் போனார்கள். மஞ்சோங்கில் இன்றும் 'லாடாங்' என்ற சொல்லைப் பெயரில் தாங்கிக்கொண்டு தமிழ்ப்பள்ளி நிற்கிறது. சொகமானா பள்ளியைப் போல. லாடாங் என்றால் தோட்டம். தோட்டத்து மனிதர்கள் போய்விட்டார்கள், பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் தோட்டம் இருக்கிறது. கடைத்தெருவில் கொம்பியாவுக்கு இருக்கும் இடம் நம் வரலாற்றுக்கு இந்தப் பெயர்ப்பலகைகளில் கிடைத்திருக்கிறது. மாசி மகத்துக்குப் பங்கோர் காளியம்மன் கோயிலில் கூடும் கூட்டத்தில் பாதிப் பேர் இந்தத் தோட்டங்களைவிட்டுப் போனவர்களின் பிள்ளைகள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம்.

சித்தியவான் ஃபூச்சோக்காரர்கள் தங்கள் குடியேற்றத்துக்கு ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். செப்டம்பரில் முன்னோர்களை நினைவுகூர்கிறார்கள். கொம்பியாவின் கதையை, ஓட்டையும் கயிறும் உள்பட, கடைக்காரர் வருகிறவர்களுக்குச் சொல்கிறார். சுற்றுலாப் பயணி பலகாரத்தோடு சேர்த்து வரலாற்றையும் வாங்கிப் போகிறார். பொறாமைப்பட இதில் ஒன்றுமில்லை. கற்றுக்கொள்ள இருக்கிறது.

நம் பக்கம் சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. லயத்துக் குசினியில் என்ன சமைத்தார்கள், ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக்கிழங்கை எத்தனை விதமாக ஆக்கினார்கள், பால் மரத்தடியில் பசியாற என்ன கட்டிக்கொண்டு போனார்கள், ரொட்டி விற்க சைக்கிளில் வந்த பாய் எந்த நாளில் எந்தத் தோட்டத்துக்கு வந்தார்? இவற்றைச் சொல்லக்கூடிய கடைசித் தலைமுறைக்கு இப்போது எண்பது வயதாகிறது. அவர்கள் அடுக்குமாடி வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். சொந்த நிலத்தில் அடுப்பு எரியாததால் அந்தச் சாப்பாட்டுக்குக் கடை இல்லை. கடை இல்லாததால் விளம்பரம் இல்லை. விளம்பரம் இல்லாததால் அது வரலாறே இல்லை என்று ஆகிவிடக் கூடாது. பக்கத்து அறையில் இருக்கும் பாட்டியிடம், "அப்ப என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டு எழுதிவைக்கப் பட்டா நிலம் எதுவும் தேவையில்லை.